ஊசிக்கும் விரதம்

ஜூலை 29, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு மாடியில். மலைப்பக்கம் மூட்டம். இங்கே ஒரு பொட்டுத் தூறல் கிடையாது.

இன்றைய வேலை: பன்னிரண்டாம் வகுப்பு மாதத்தேர்வுத் தாள் திருத்துவது. கேஸ் புக் பண்ணுவது. எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் இவருக்கு ஸ்வெட்டர் கொடுத்துவிடுவது. அத்தைக்குக் கண் சொட்டு மருந்து. தாளைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தது. தாள் எங்கே போகப்போகிறது, நாளைக்கும் அதே மேசையில்தான் இருக்கும்.

சாயங்காலம் தெருக் காளியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. அடுத்த செவ்வாய் முளைப்பாரி. இந்த வருடம் எங்கள் வீட்டில் பாண்டியம்மா எடுக்கிறாள். இவருடைய தங்கை. தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி அதே எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவள். முப்பது தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை வந்து, அன்றிலிருந்து இன்சுலின் ஊசி. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஊசி என்றதும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர் மிச்ச பஜ்ஜியையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

விரதம் என்றால் பகலெல்லாம் பட்டினி. விளக்கு வைத்த பிறகு பாலும் வாழைப்பழமும். ஊசி போடுகிற உடம்பு பட்டினி தாங்குமா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அத்தையிடம் சொன்னேன். அவளாக ஆசைப்பட்டு எடுக்கிறாள், தடுக்காதே என்றார். பாண்டியிடமே போனேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுறேன் மதினி. நீங்க பேப்பரைத் திருத்துங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருடம் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டவள். மேற்கொண்டு நான் நோண்டவில்லை. ஆனாலும் மனதில் ஒரு உறுத்தல்.

ஜூலை 30, புதன்

தூறல் ஆசை காட்டிவிட்டுப் போய்விட்டது. தோசை மாவு புளித்து வழிந்து ஃபிரிட்ஜ் தட்டு நாசம்.

பதினொன்றாம் வகுப்பில் செல் சுவாசம் ஆரம்பித்தேன். குளுக்கோஸ் உடைகிறது, ஆக்ஸிஜன் சேர்கிறது, ஆற்றல் வருகிறது என்று பலகையை நிரப்பினால் பிள்ளைகள் கண்ணில் தூக்கம். பலகையை அழித்துவிட்டுக் கேட்டேன். விறகு எரிவதும் இதேதானே, அப்புறம் ஏன் நாம் பற்றிக்கொள்வதில்லை?

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை உதாரணத்துக்கு இழுத்தேன். பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவருக்கு ஸ்டோரில் வேலை. பச்சைக்காயை எடுத்ததும் பெரும் சூட்டில் போடுவார்களா? மாட்டார்கள், வெடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். செல்லும் சர்க்கரையைப் படிப்படியாகத்தான் எரிக்கிறது. ஒவ்வொரு படியிலும் வருகிற ஆற்றலைப் பிடித்து ஏ.டி.பி. என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுகிறது. நடக்க, பேச, கண் சிமிட்ட, எல்லாவற்றுக்கும் அந்தப் பொட்டலம்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி. பொட்டலம் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும் என்று. நல்ல கேள்வி. இருக்கவே இருக்காது, கட்டின கையோடு செலவாகிவிடும், அதனால்தான் மூச்சை ஒரு நாள் லீவு போட முடியவில்லை என்றேன். சிரித்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தது.

பாண்டி சாயங்காலம் வந்தாள். முகம் தெளிவு. குளித்துவிட்டுக் கும்மிக்கு ஓடினாள். நான்தான் வீணாகக் கவலைப்படுகிறேனோ.

ஜூலை 31, வியாழன்

காற்று. கண்ணில் மண். பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் வரும் என்று சொல்லி வராமல் போனது.

மத்தியானம் இவர் போன். குரலே சரியில்லை. எஸ்டேட்டின் உள்பாதையில் மரம் விழுந்து காய் ஏற்றின ஜீப் நின்றுவிட்டதாம். நேற்றுப் பறித்த காய் மூட்டையோடு ராத்திரி முழுக்க அங்கேயே. காலையில்தான் ஸ்டோருக்கு வந்ததாம்.

"மூட்டைக்குள்ள கைய விட முடியல. வெந்நிப் பானைக்குள்ள விட்ட மாதிரி இருக்கு. பாதிக்கு மேல பழுத்த நெறம். மொதலாளி வந்து என்னத்த சொல்லுவாரோ."

ஆறுதல் சொன்னேன். பறித்தாலும் காய் உடனே செத்துவிடுவதில்லை. உள்ளே செல்கள் மூச்சு விட்டுக்கொண்டு, சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்துக்கொண்டுதான் இருக்கும். பரப்பிப் போட்டால் சூடு போய்விடும், கட்டி வைத்தால் தன் சூட்டில் தானே வேகும். இதை அவரிடம் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற மனுஷனிடம் பாடம் எடுத்தால் போனை வைத்துவிடுவார்.

பாண்டி இன்று வந்ததும் வராததுமாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். பால் குடிக்கவில்லை. காற்று வறட்டுகிறது என்றாள். எனக்கும் நாக்கு வறண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருவெல்லாம் மஞ்சள், வேப்பிலை, மைக்செட். கோயிலில் கூழ். இரண்டு டம்ளர் குடித்தேன், வெட்கமில்லாமல்.

பாண்டி வேலைக்குப் போய்விட்டு வந்து படுத்தாள். கும்மிக்குப் போனாலும் கொட்டவில்லை, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முளைப்பாரி இருட்டறையில். அதற்கென்று இருக்கிற அம்மாள் மட்டும்தான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். கதவு திறந்த நேரம் ஒரு கணம் தெரிந்தது. விரல் நீளத்துக்கு மேல் முளை. வெளுத்த மஞ்சள், நெருக்கமாக.

"இருட்டுக்குள்ள எதத் தின்னு மதினி இப்படி வளருது?"

விதைக்குள் சேர்த்து வைத்த சாப்பாடுதான் என்றேன். மாவாக இருப்பது சர்க்கரையாகி, அது எரிந்து முளையாகிறது. வெளிச்சம் கிடைத்தால் அப்புறம் இலை தானே சமைத்துக்கொள்ளும். அதுவரை உள்ளே இருப்பதைத் தின்றுதான் வளர வேண்டும்.

அவள் தலையாட்டினாள். அருகில் பழ வாசம். வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விரதக்காரர்கள் எல்லோர் வாயிலும் இந்த ஒரு வாரம் அந்த வாசம்தான்.

மூச்சு கொஞ்சம் வேகமாகத் தெரிந்தது. ஊசி போட்டாயா என்று கேட்டேன். ம் என்றாள். மைக்செட் சத்தத்தில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நடந்ததை நடந்தபடி.

விடுமுறை. தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காலைப் பலகாரம் முடிந்து கொஞ்ச நேரம். இவர் போன். பாண்டி செடிக்கு நடுவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வாந்தி. மூச்சு வாங்குகிறது. மேஸ்திரி சேட்டன் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாராம், அதையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

"ஊசி போட்டாளான்னு கேளுங்க."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். அவளிடம் இவர் விசாரிப்பது காதில் விழுந்தது. பதில் கேட்கவில்லை. பிறகு இவர்:

"காப்புக் கட்டுன அன்னைலருந்து போடலயாம்."

வெரசா இறக்குங்கள், எங்கேயும் நிறுத்தாதீர்கள், சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள் என்றேன். மருந்துச் சீட்டு, ஆதார், ஒரு மாற்றுச் சேலை. அத்தையை உட்கார வைத்துச் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மெயின் ரோட்டில் நின்று, மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டோம். ஜீப்புக்குள் எல்லோர் மேலும் ஏலக்காய் வாசம், சட்டையில், தலைமுடியில், சீட்டில். அதனால்தான் மேலே யாருக்கும் அவள் மூச்சின் வாசம் தெரியவில்லை. பாண்டியை மடியில் சாய்த்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். நேற்றைய அதே பழ வாசம். இன்று வாந்தி எடுத்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. வாழைப்பழம் இல்லை அது. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்தால் மூச்சில் வருகிற வாசம். வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்துவிட்டு வாழைப்பழம் என்று நினைத்தேன்.

தேனி பெரிய ஆஸ்பத்திரி. சின்ன வயது லேடி டாக்டர். ஒரு பார்வைதான், உடனே இரண்டு கையிலும் ட்ரிப். சர்க்கரை மீட்டர் எண்ணே காட்டவில்லை, 'அதிகம்' என்று மட்டும். அத்தை திரும்பத் திரும்ப ஒன்றே கேட்டார்: சாப்பிடவே இல்லையே, எப்படிச் சர்க்கரை ஏறும்? டாக்டருக்கு நிற்க நேரமில்லை.

இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். பயந்து போயிருக்கிறேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆஸ்பத்திரி வாசலில்கூட ஒருவர் சித்ரான்னம் விற்கிறார்.

பாண்டி கண் திறந்து பேசுகிறாள். மூச்சு சாதாரணம். வாசம் போய்விட்டது, இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன். என்ன மதினி நாய் மாதிரி மோந்து பாக்குறீங்க என்று கேலி. அந்தக் கேலியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார், நோயாளிக்கு இல்லை, எனக்கு.

அத்தை குளிக்கப் போயிருந்தபோது கேட்டேன், ஏன் போடவில்லை என்று.

"சாப்பாடே இல்ல, பெறகு எதுக்கு ஊசின்னுதான் மொதல்ல நெனச்சேன்." ட்ரிப் சொட்டுவதைப் பார்த்தாள். "அது மட்டும் இல்ல மதினி. ஒரு வாரம் ஊசி இல்லாத பிள்ளையா இருந்து பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. மொத ரெண்டு நாளு அம்புட்டு சந்தோசமா இருந்தேன்."

திட்ட நினைத்து வந்தவள் நான். எல்லாம் மறந்துபோனது.

பிறகு விளக்கினேன். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரை செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும், மூளைக்கும் மற்றதுக்கும் வேண்டுமே. அந்தச் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் கதவு திறக்க வேண்டும். திறக்க ஆள் இல்லையென்றால் ரத்தத்தில் கொட்டிக் கிடக்கும், செல்லுக்குள் பட்டினி. பட்டினி என்று நினைத்து உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும், கல்லீரல் இன்னும் சர்க்கரை செய்யும். கொழுப்பு எரிந்த புளிப்பு ரத்தத்தில் ஏறினதுதான் இந்த வாந்தியும் மூச்சும். சாப்பாட்டைக் குறைத்தாலும் ஊசி கொஞ்சமாவது வேண்டும், எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கவனமாகக் கேட்டாள். என் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"அப்ப திங்காமயே சர்க்கரை ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப எனக்கு இது தின்னு வந்தது இல்லயா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. சின்ன வயதில் இனிப்பு தின்று தின்றுதான் அவளுக்கு இந்த நோய் வந்தது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில், வேலை செய்கிற இடத்தில். அவளும் நம்பியிருக்கிறாள். யார் வீட்டு விசேஷத்திலும் இனிப்பு வைத்த இலையைத் தொட்டதில்லையாம், ஆள் பார்த்தால் ‘இன்னும் அடங்கல பாரு’ என்பார்கள் என்று. நான் கல்யாணமாகி வந்து எட்டு வருடம். அவளுக்குப் பாயசம் பிடிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல பாண்டி. இன்சுலின் செய்யுற செல்லை உன் உடம்பே எதிரின்னு நெனச்சு அழிச்சிருச்சு. நீ இனிப்ப கண்ணுலயே பாக்காம இருந்தாலும் வந்திருக்கும்."

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இதை நீங்க நெசமாத்தான சொல்றீங்க, எனக்காகச் சொல்லலையே என்று கேட்டாள். பாடப் புத்தகத்தின் மேல் சத்தியம் என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அரை நாள் லீவு. காலையில் பள்ளி, தாளைக் கொடுத்துத் தொலைத்தேன். சராசரி மோசம். ஏ.டி.பி. பற்றி ஒருத்தி ‘ஆற்றல் தரும் பிரசாதம்’ என்று எழுதியிருக்கிறாள். அரை மார்க் போட்டேன்.

ஸ்டோர் விஷயம் பரவாயில்லை. முதலாளி சத்தம் போட்டுவிட்டு விட்டுவிட்டாராம். இவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கையோடு.

தெருவில் ஒரே பேச்சு. விரதம் பாதியில் முறிந்த முளைப்பாரிச் சட்டியை எடுக்கலாமா கூடாதா. எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர், எடுக்காவிட்டால்தான் ஆகாது என்று இன்னொருவர். அத்தை பாவம் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் தெளிக்கும் அம்மாள்தான் முடித்து வைத்தார். சட்டி நன்றாக வளர்ந்திருக்கிறது, பிள்ளையும் பிழைத்துக்கொண்டது, இதில் ஆத்தாளுக்கு என்ன குறை, அதே வீட்டில் யாராவது தூக்கி வரட்டும் என்றார்.

யாராவது என்றால் நான்தான். அத்தைக்கு முழங்கால். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பாண்டியிடம் சொன்னேன்.

"நீங்க சாப்பிட்டுட்டே தூக்குங்க மதினி. உங்கள வேற ஜீப்புல ஏத்த இங்க ஆளில்ல."

நாளை மறுநாள் வீட்டுக்கு விடுவார்களாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில், காற்று குறைவு. உப்புமா சாப்பிட்டேன், வயிறு நிறைய.

சட்டி நினைத்ததைவிடக் கனம். முளை காதில் உரசிக் கூச்சம். மேளத்துக்கு நடுவில் கழுத்து விண்ணென்று வலி. ஸ்கூல் பிள்ளைகள் சிலர் வரிசையில் நின்று டீச்சர் டீச்சர் என்று கை காட்டினார்கள், சிரிக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, மேலே நல்ல மழை போல. கரைத்துவிட்டு ஈரச் சேலையோடு வீடு வந்தேன்.

அத்தை அடுப்படியில். பாண்டிக்குக் கஞ்சி. தூக்குவாளியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"பாண்டிகிட்ட ஆஸ்பத்திரில என்னமோ சொன்னியாம்ல. எனக்கும் ஒருக்கா சொல்லு."

ஈரச் சேலையோடே சொன்னேன். கல்லீரல், இன்சுலின், கதவு, உடம்பே அழித்துவிட்டது, எல்லாம். முடித்த பிறகு அடுப்பை அணைத்தார்.

"இவுகப்பா சனிக்கிழம சம்பளம் வாங்குனா முட்டாய்ப் பொட்டலம் இல்லாம வீட்டுக்கு வர மாட்டாரு. பாண்டின்னா உசுரு. ஊசி போட ஆரம்பிச்ச பெறகு அந்தக் கடைப் பக்கமே போகல. என் கையாலயே பிள்ளைக்கு நோவக் குடுத்துட்டேன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரு."

மாமாவை நான் பார்த்ததில்லை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். முன்னறையில் மாலை போட்ட படம்தான் தெரியும்.

அத்தை என் கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிப்போனார். படத்துக்கு முன்னால் நிறுத்தினார். தானும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அவருக்கும் ஒருக்கா சொல்லு ஆத்தா."

சொன்னேன். "முட்டாயால வரல மாமா."